மூன்றாவது கால்

மரகதம் டீச்சருக்கு எழுபத்தாறாவது வயதில் ஓர் அக்காள் கிடைத்தாள். அந்தச் செய்தியைக் கொண்டுவந்த கடிதத்திலேயே அவள் இறந்துபோன செய்தியும் இருந்தது.

கடிதம் பினாங்குத் தீவில் இருந்த ஒரு வழக்கறிஞரிடமிருந்து வந்திருந்தது. மரகதமும் அவள் கணவர் அரியபுத்திரனும் கடலுக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில், ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். அரியபுத்திரன் தீவுக்கும் கரைக்கும் ஓடும் ஃபெர்ரியில் முப்பது வருடம் என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் பாதிக் காது போய்விட்டது. மரகதம் கடிதத்தை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். அவர், வெள்ளிக்கிழமை போகலாம், அன்றைக்கு ஃபெர்ரியில் கூட்டம் இருக்காது என்று மட்டும் சொன்னார்.

மரகதம் பிறந்தது ஒரு சீனக் குடும்பத்தில். பிறந்த பதினோராம் நாள் அவளை ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது அபூர்வமான காரியம் இல்லை. பெண் குழந்தைகள் கூடிப்போன சீன வீடுகளிலிருந்து குழந்தை இல்லாத தமிழ் வீடுகளுக்குப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். சைக்கிள் கடை முத்துக்கருப்பனும் சௌந்தரமும் அவளுக்கு மரகதம் என்று பேர் வைத்து, காது குத்தி, எண்ணெய் தேய்த்து வளர்த்தார்கள். எதையும் அவளிடம் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, கண்ணாடி இருக்கிறதே.

அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆனாள். முப்பத்தைந்து வருடம் முதலாம் வகுப்பு. ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோர் வாசலில் நின்று, தமிழ் டீச்சர் எங்கே என்று அவளிடம் மலாயில் கேட்பார்கள். "நான்தான். உள்ள வாங்க" என்பாள் தமிழில். பெற்ற வீட்டைத் தேடவேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கோபமும் இல்லை. நேரமும் இல்லை.

வழக்கறிஞர் அலுவலகத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் எழுந்து நின்றார். அக்காளின் மகன், பூன் கெங்; தாத்தா வீட்டில் வளர்ந்தவர். குளிர்சாதனம் பழுது பார்க்கிறவர். மலாயும் ஹொக்கியனும் கலந்து பேசினார். மரகதத்துக்கு இரண்டும் வரும். தயங்கித் தயங்கி அவளை "ஆ ஈ" என்று அழைத்தார். அம்மாவின் தங்கையை ஹொக்கியனில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆயுசு முழுக்கக் கரும்பலகையில் எழுதிய இரண்டு எழுத்துகள் இப்போது தன்னையே குறிக்கின்றனவே என்று மரகதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரித்தாள் என்று அவள் விளக்கியதும் அவரும் சிரித்தார். அதன்பிறகு கூச்சம் போய்விட்டது.

அவர் ஒரு துணிமூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு வெண்கலப் பாத்திரம். ஒரு சாண் உயரம், உருண்டை வயிறு, விளிம்பில் இரண்டு காதுகள், அடியில் மூன்று கால்கள். உடம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. இரண்டு கால்களும் அதே பச்சை. மூன்றாவது கால் மட்டும் பழுப்பாக, மொழுமொழுவென்று இருந்தது.

அக்காள் மகனைவிட்டு எழுதவைத்த கடிதத்தை வழக்கறிஞர் படித்தார்.

"தங்கைக்கு. நம் அப்பா வெண்கலமும் பித்தளையும் வார்க்கிறவர். சீனக் கோயில்களுக்கு ஊதுவத்திச் சட்டி செய்து கொடுப்பார். உருக்குவதற்காக மூட்டை மூட்டையாக வரும் பழைய உலோகத்தில் ஒருநாள் இது வந்தது. ஒரு கால் இல்லை. மற்றதை எல்லாம் உருக்கியவர் இதை உருக்கவில்லை. பரணில் கிடந்தது. உன்னைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலை, அதை இறக்கி, இல்லாத காலை வார்த்தார். அன்றிலிருந்து அது மூன்றாவது மகளுடையது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உன்னைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. கோபித்துக்கொள்ளாதே."

மரகதம் பாத்திரத்தைக் கையில் வாங்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

என்ன பாத்திரம், எந்தக் காலத்தது என்று பூன் கெங்குக்கும் தெரியவில்லை. தீவில் இருந்த பல்கலைக்கழகத்தில் காட்டலாம் என்றார். அடுத்த வாரம் மரகதமும் அவரும் போனார்கள். பழைய சீன மொழியை ஆராயும் பேராசிரியர் சின் அதைப் பார்த்தார். ஒரு சின்ன விளக்கை உள்ளே பிடித்து, குனிந்து, வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அதன் பேர் திங் என்றார். முன்னோர்களுக்கு இறைச்சி சமைத்துப் படைக்கிற பாத்திரம். மூவாயிரத்து நூறு வருடத்துக்கு முந்தையதாக இருக்கவேண்டும். உள்சுவரில் மூன்று எழுத்துகள் இருந்தன. ஒரு குடும்பத்தின் அடையாளம், அதன் கீழே "தந்தை யீ". இறந்துபோன தந்தைக்காக யாரோ ஒரு பிரபு செய்யச் சொன்னது. செய்தவன் பேர் கிடையாது. அந்தப் பாத்திரங்களில் செய்தவன் பேர் இருப்பதே இல்லை என்றார்.

பிறகு, இதைக் கேட்டுப் பார்க்க உங்களுக்குச் சம்மதமா என்று தயக்கத்தோடு கேட்டார்.

உலோகத்தைக் கேட்கும் இயந்திரத்தைப் பற்றி மரகதம் செய்தியில் பார்த்திருக்கிறாள். யாரும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அது வந்த ஐந்து வருடத்தில் எத்தனையோ வீடுகளின் நிம்மதி போயிருந்தது. ஓர் ஊரில் கோயில் மணியைக் கேட்டார்கள். அதை வார்த்த கூலியாட்கள் மணியைக் கொடுத்த வள்ளலை வாயில் வந்தபடி திட்டியது பதிவாகி இருந்தது. வள்ளலின் பேரப்பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். இன்னோர் ஊரில் நகர நடுவே நின்ற சிலையைக் கேட்டார்கள். பிரம்படிச் சத்தமும் ஒருவன் கெஞ்சுகிற சத்தமும் கேட்டன. சிலையை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரியா என்று இன்னும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. உடைமைக்காரர் கையெழுத்து இல்லாமல் எந்த உலோகத்தையும் கேட்கக்கூடாது.

இயந்திரத்தை இயக்கும் டாக்டர் லோகேஸ்வரி தமிழ்ப் பெண். டீச்சர் என்று கேள்விப்பட்டதும் அவளும் டீச்சர் என்றே அழைத்தாள். தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிதானமாக விளக்கினாள்.

"வெண்கலம் உருகி ஊத்துனதும் உடனே இறுகாது டீச்சர். நாலஞ்சு நிமிஷம் தண்ணியும் இல்லாம கல்லும் இல்லாம கொழகொழன்னு இருக்கும். அப்ப உள்ள சின்னச் சின்னப் படிகம் செடி மாதிரி கிளை விட்டு வளரும். பக்கத்துல யாராவது பேசுனா அந்தச் சத்தம் கிளையை ஆட்டும். ஆடுன கிளை அப்படியே உறைஞ்சு போயிரும். அதைத்தான் நாங்க திரும்பப் படிக்கிறோம்."

"அப்ப அந்த நாலு நிமிஷம் மட்டுந்தானா?"

"நாலு நிமிஷந்தான். அதுக்கு முன்னாடி பேசுனதும் கிடையாது, பின்னாடி பேசுனதும் கிடையாது. இன்னொண்ணு. படிக்கிறதுக்கு உலோகத்தைச் சூடு பண்ணணும். சூடானா அது எல்லாத்தையும் மறந்துரும். அதனால ஒரு தடவைதான்."

லோகேஸ்வரி பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, பழுப்புக் கால் உடம்போடு சேரும் இடத்தைக் காட்டினாள். அடுத்ததைச் சொல்வதற்கு முன் மரகதத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு வார்ப்பு இருக்கு. உடம்பும் ரெண்டு காலும் ஒண்ணு. இந்தக் கால் வேற. காலை உடம்பு மேலயே ஊத்தி ஒட்டியிருக்காங்க. பிரிக்க முடியாது, பிரிச்சா ரெண்டும் கெட்டுரும். ரெண்டும் வேற வேற கலவை, படிக்கிற விதமும் வேற. ஒண்ணுக்கு ஏத்த மாதிரி சூடு வெச்சா இன்னொண்ணோட ஞாபகம் படிக்காமலே அழிஞ்சிரும். ரெண்டுல ஒண்ணைத்தான் கேக்க முடியும் டீச்சர்."

மரகதத்துக்குப் புரிந்துவிட்டது. ஒரு பக்கம் மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்களின் பேச்சு. இன்னொரு பக்கம், தன்னைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் தன்னைப் பெற்றவர் பேசியது.

பேராசிரியர் சின் நேர்மையான மனிதர். தனக்கு என்ன வேண்டும் என்பதை மறைக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. இதுவரை கேட்டதிலேயே பழையது அறுநூறு வருடத்து மணி ஒன்றுதான் என்றார். மூவாயிரம் வருடத்துக்கு முன் எலும்பிலும் ஆமை ஓட்டிலும் கீறிய எழுத்துகளைப் படிக்கத் தெரியும், ஆனால் அவை எப்படி ஒலித்தன என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இருபத்தெட்டு வருடமாகக் கணக்குப் போட்டுப் போட்டு ஊகித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். அதே மூச்சில், அந்தக் காலத்தில் படையலுக்காக மனிதர்களையும் கொன்றிருக்கிறார்கள், கேட்கக்கூடாத ஏதாவது கேட்டாலும் கேட்கலாம் என்றும் சொன்னார்.

பூன் கெங் சுவர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மரகதம் அவர் பக்கம் திரும்பி, உங்களுக்கு அவர் தாத்தா, அவர் கையில் வளர்ந்த பிள்ளை நீங்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "அது உங்களோடது ஆ ஈ" என்றார். "நீங்க எது சொன்னாலும் சரி."

அன்று மாலை மரகதம் ஃபெர்ரியில் திரும்பினாள். வீட்டுக்கு வந்து அரியபுத்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னாள். எதிர்வீட்டுக்காரிக்கும் முழுக்கதை தெரிந்துபோயிற்று. மறுநாள் அவள் பலகாரத்தோடு வந்து, பெற்ற அப்பன் குரலை யாராவது வேண்டாம் என்பார்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அரியபுத்திரன் அப்படி எதுவும் கேட்கவில்லை. மூன்று நாள் விட்டுவிட்டு, முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தார்.

"உங்கப்பா குரலைக் கேக்கணும்னு உனக்குத் தோணலையா?"

"எங்கப்பா குரல் எனக்குத் தெரியும்" என்றாள் மரகதம்.

அவர் தலையாட்டினார். முத்துக்கருப்பனின் குரல் அவருக்கும் தெரியும். சைக்கிள் கடையிலிருந்து "மரகதம்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் தெருக்கோடியில் இருக்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"என்னைப் பெத்தவர் அந்தக் காலையில என்ன பேசியிருப்பாரு?" என்றாள் மரகதம். "அழுதிருந்தாருன்னா, இந்த வயசுல எனக்குப் பாவமா இருக்கும். அழாம வேற எதையாவது பேசிக்கிட்டிருந்தாருன்னா, அதுவும் என்னமோ மாதிரி இருக்கும். எப்படியிருந்தாலும் அதை வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்? எனக்குக் குறை ஒண்ணும் இல்லையேங்க."

"அப்ப எதையும் கேக்க வேணாம். வாழப்பழம் வைக்க நல்லாத்தான் இருக்கு."

"இல்ல" என்றாள் அவள். சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "அந்த மூவாயிரம் வருஷத்தைக் கேக்கணும்னு எனக்கே ஆசையா இருக்கு."

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. பூன் கெங். தாத்தாவின் மடியில் வளர்ந்தவர். அவர் குரலை இன்னொரு தரம் கேட்க அவருக்கு ஆசை இருக்காதா? மரகதம் அவருக்குத் தொலைபேசியில் பேசித் தன் முடிவைச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. நானும் அன்றைக்கு வரலாமா என்று கேட்டார்.

கேட்கும் நாளன்று காலை பத்து மணிக்கு எல்லோரும் லோகேஸ்வரியின் அறையில் கூடினார்கள். பாத்திரம் இரண்டு நாளாக இயந்திரத்துக்குள் சூடேறிக்கொண்டிருந்தது. சட்டப்படி முதல் கேட்பு உடைமைக்காரருக்கு. மரகதம் மற்றவர்களையும் கூட இருக்கச் சொன்னாள். பேராசிரியர் நான்கு பென்சில்களைச் சீவி வரிசையாக வைத்திருந்தார்.

முதலில் காற்று வீசுவதுபோல் ஓர் இரைச்சல். அது துருத்தியும் நெருப்பும் என்றாள் லோகேஸ்வரி. பிறகு ஓர் ஆண்குரல், நறுக்கென்று ஒரு சொல். அறையில் இருந்த எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு, "போதும்" என்று முணுமுணுத்தார். ஊற்றியது போதும், நிறுத்து. அவர் ஊகித்திருந்த ஒலிக்கும் கேட்ட ஒலிக்கும் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். அவர் கண்ணோரம் ஈரமாகியிருந்தது.

அதற்குப் பிறகு வேலை ஒன்றும் இல்லை. உலோகம் இறுகும்வரை காத்திருக்கவேண்டும். யாரோ மூச்சு வாங்கினார்கள். ஒரு நாய் குரைத்தது. அந்த ஆண்குரல் ஏதோ சொன்னது. இன்னொரு குரல் பதில் சொன்னது. பெண்குரல். மறுபடி முதல் குரல். மறுபடி பெண். சின்னச் சின்னச் சொற்கள், நடுநடுவே மௌனம். இரண்டு இடத்தில் சிரிப்பு. நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடியில் எல்லாம் தேய்ந்து, ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது.

பேராசிரியர் பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அவர் முகம் குழம்பியிருந்தது. ஆணின் சொற்கள் பாதி பிடிபட்டன. பெண் பேசியது ஒன்றுமே பிடிபடவில்லை. வேறு வட்டார வழக்கு என்று முதலில் நினைத்தார். அப்படியும் பொருந்தவில்லை. இது சீனமே இல்லை என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. படையல் பாட்டோ மந்திரமோ கேட்கும் என்று எதிர்பார்த்தவருக்கு இது தலையும் வாலும் புரியாத பேச்சாக இருந்தது.

ஆறாவது முறை ஓடியபோது மரகதம் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

"சார், இவங்க பேசிக்கல" என்றாள். "ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக் குடுக்கிறாங்க."

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் இந்தச் சத்தத்துக்கு நடுவுலதான் இருந்தேன். அவரு ஒரு சொல்லைச் சொல்றாரு. அந்தம்மா திருப்பிச் சொல்லுது, தப்பா. அவரு மெதுவா மறுபடி சொல்றாரு. அப்புறம் அந்தம்மா அவங்க மொழியில சொல்லுது, இவரு தப்பாச் சொல்றாரு, அது சிரிக்குது. அந்த நாய் குரைச்சதும் வர்ற சொல் இருக்கே, அது என்னன்னு பாருங்க."

லோகேஸ்வரி பதிவைப் பின்னால் நகர்த்தினாள். நாய் குரைத்தது. ஆண்குரல் ஒரு சொல் சொன்னது.

"நாய்" என்றார் பேராசிரியர். அவர் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். நாய், அடுத்து பெண்குரல் சொன்னது அவள் மொழியில் நாய். அதன்பிறகு வந்தது நெருப்பு. அதற்குப் பிறகு கை. ஒன்றன்பின் ஒன்றாகக் கதவு திறப்பதுபோல் சொற்கள் திறந்துகொண்டன. மாலைக்குள் அவர் பதினொரு சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிவிட்டார். அந்த இரண்டாவது மொழியின் பேர் என்னவென்று யாருக்கும் தெரியாது. அதில் ஒரு சொல்கூட அதுவரை உலகத்தில் எங்கும் பதிவாகி இருக்கவில்லை.

போரில் பிடித்துக்கொண்டு வந்தவர்களை அடிமையாக வைத்து வேலை வாங்குவது அந்தக் காலத்து வழக்கம், அந்தப் பெண்ணும் அப்படி வந்தவளாக இருக்கலாம் என்று பேராசிரியர் மரகதத்திடம் விளக்கினார். எலும்பில் கீறிய குறிப்புகளில் அவர்களுடைய தலைக்கணக்கு மட்டும்தான் இருக்கும், இத்தனை பேரைப் பிடித்தோம், இத்தனை பேரைப் பலி கொடுத்தோம் என்று. அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று மரகதம் கேட்டாள். தெரியாது, நல்லதாக இருந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்றார் அவர். ஆனால் அந்த நாலு நிமிடத்தில் அவள் சிரித்திருக்கிறாள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் மரகதம்.

அவர் எழுதிக்கொண்டார்.

செய்தி வெளியானதும் உலகம் கொஞ்சம் அல்லோலகல்லோலப்பட்டது. எங்கள் முன்னோர் செய்த பாத்திரத்தை வேற்று மொழிக்காரி செய்தாள் என்பதா என்று சிலர் கோபித்தார்கள். அவள் எங்களைச் சேர்ந்தவள் என்று நான்கு வெவ்வேறு இனத்தார் உரிமை கொண்டாடினார்கள். பதிவே பொய் என்று ஒரு கூட்டம். பேராசிரியர் சின் வேறு எதையும் செய்யாமல் அந்தப் பதினொரு சொற்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு முன்பு அவரை இவ்வளவு உற்சாகமாகப் பார்த்ததில்லை என்று லோகேஸ்வரி சொன்னாள். செய்தியாளர் ஒருவர் மரகதத்தைத் தேடிவந்து, சீனராகப் பிறந்து தமிழராக வளர்ந்த உங்களுக்கு இந்தப் பாத்திரம் யாருக்குச் சொந்தம் என்று தோன்றுகிறது என்று கேட்டார். எனக்குத்தான், வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றாள். அந்தப் பதில் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

பாத்திரத்தைப் பல்கலைக்கழகத்தின் காட்சிக்கூடத்துக்கு ஒரு வருடத்துக்குக் கொடுத்திருந்தாள். கெடு முடிந்ததும் பூன் கெங் போய் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டர்வொர்த்துக்குக் கொண்டுவந்தார். இதற்குள் அவர் மாதம் ஒருமுறையாவது வந்து போகிறவர் ஆகியிருந்தார். வந்தால் சாப்பிடாமல் போகமாட்டார். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியை ஒருமுறை கேட்காமலே பழுது பார்த்துக் கொடுத்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் அரியபுத்திரன் தேநீர் போட எழுந்து போனார். பூன் கெங் பாத்திரத்தை மேசைமேல் வைத்து, துணியால் அந்தப் பழுப்புக் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் தூசி எதுவும் இல்லை.

மரகதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகச் சொல்லவேண்டும் என்று நினைத்ததை அப்போது சொன்னாள். தாத்தாவின் குரலை உங்களிடமிருந்து பறித்துவிட்டேன், நீங்கள் பெருந்தன்மையாகச் சும்மா இருந்துவிட்டீர்கள், எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது என்றாள்.

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"தாத்தாவை எல்லாரும் எப்படிக் கூப்பிடுவாங்க தெரியுமா ஆ ஈ? ஆ தியாம்."

மரகதத்துக்கு அந்த அளவுக்கு ஹொக்கியன் தெரியும். தியாம் என்றால் சத்தமில்லாமல் இருப்பது.

"பிறவியிலேயே அவருக்குப் பேச்சு கிடையாது" என்றார் பூன் கெங். "காதும் கேக்காது. அந்தக் கால்ல அவர் குரல் இருந்திருக்காது ஆ ஈ. ஊத்தினது போதும்னா கம்பியால ரெண்டு தட்டுத் தட்டுவாரு. அந்தத் தட்டுற சத்தம் இருந்திருக்கும். அவ்வளவுதான்."

மரகதம் அந்தப் பழுப்புக் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம் நெனச்சேன், சொல்லிட்டா நீங்க தேர்ந்தெடுக்க ஒண்ணுமே இருக்காதே. தாத்தா உங்களுக்குன்னு வெச்சிருந்தது அது ஒண்ணுதான். அதை என்ன பண்றதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்னு தோணிச்சு. நான் செஞ்சது தப்பா இருந்தா மன்னிச்சிருங்க."

தப்பு இல்லை என்று அவள் தலையாட்டினாள். யோசித்துப் பார்த்தால் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியதுபோல்தான் இருந்தது. அந்தக் காலையில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இனி நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

"அப்ப வீட்டுல எப்படிப் பேசிக்குவீங்க?"

"கையாலதான். எங்க வீட்டுல மட்டும் புரியிற கைப்பேச்சு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேரு வெச்சிருந்தாரு." பூன் கெங் ஒரு பக்கத் தலைமுடியைப் பின்னுவது போல் விரலை ஆட்டிக் காட்டினார். "இது பெரியம்மா. பெரிய பின்னல் போடுவாங்களாம்." கன்னத்தில் ஒரு விரலால் தொட்டார். "இது எங்கம்மா. இங்க குழி விழும். புதுவருஷத்துக்கு முந்தின நாள் எல்லாரும் சாப்பிட உக்காருவோம்ல, அப்ப வரிசையா ஒவ்வொருத்தர் பேரையும் கையால சொல்லிட்டுத்தான் சாப்பாட்டுல கை வைப்பாரு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எனக்குப் புரியாது. மேசையில இருக்கிற ஆளைவிட ஒரு பேரு கூடுதலா வரும்."

அவர் தன் இடது கையின் ஆள்காட்டி விரலை நீட்டினார். வலது கையால் அதைச் சுற்றி, ஒரு குழந்தை பிடிப்பது போல, இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பதினோரு நாள்ல நீங்க செஞ்சது இது ஒண்ணுதானாம்" என்றார். "சாகிற வருஷம் வரைக்கும் விடாம சொன்னாரு."

மரகதம் தன் விரலை நீட்டினாள். மற்றக் கையால் அதைப் பிடித்துப் பார்த்தாள். அவர் எட்டி அவள் பிடியைக் கொஞ்சம் மேலே நகர்த்திச் சரிசெய்தார். அவள் மறுபடி ஒருமுறை செய்தாள். இந்த முறை சரியாக வந்தது.

அரியபுத்திரன் மூன்று கோப்பைத் தேநீரோடு வந்து, விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

"என்னம்மா அது?" என்று கேட்டார்.

அவருக்குக் கேட்கும்படி அவள் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"என் பேரு."